ஓடும் வண்டியில் டயர் போனால்

எங்கள் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "நூறுல போயிட்டிருக்க. முன் டயர் வெடிக்குது. என்னடா பண்ணுவ?" அநேகமாக எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "பிரேக் அடிப்பேன் அண்ணே."

அந்தப் பதிலை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். டயர் வெடித்தாலும் வண்டி கொஞ்ச தூரம் நேராக ஓடி நிற்கும், ஓட்டுகிறவர் விட்டால். கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது, கை ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கிறது, வண்டி கவிழ்கிறது. அதில் தப்பித்தவர்களுக்கு அடுத்த ஆபத்து ரோட்டோரத்தில் இருக்கிறது. குனிந்து நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்த லாரி அடித்துவிட்டுப் போகிறது. இந்த இரண்டையும் தாண்டிவிட்டால் டயர் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் எல்லாரும் ஜாக்கி போடுவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நான் ஓட்டுவது இன்னோவா. பெரும்பாலும் சென்னையிலிருந்து திருச்சி, மதுரை வரைக்கும். வெயில் காலத்தில் இந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், ஓரத்தில் லாரி டயரிலிருந்து கிழிந்த பட்டைகள் கிடக்கும். இங்கே டயர் பிரச்சினை எல்லாருக்கும் என்றைக்காவது ஒருநாள் வரும்.

மெதுவாகக் காற்று இறங்கினால்

எல்லா டயரும் வெடிப்பதில்லை. ஆணி ஏறி மெதுவாகக் காற்று இறங்குவதுதான் அதிகம். அதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் வெடிக்கும் நிலைக்கே போகாது.

முன் டயரில் காற்று இறங்கினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நேரான ரோட்டில் போகும்போது ஸ்டியரிங்கை லேசாக எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். பின் டயர் என்றால் ஸ்டியரிங்கில் அவ்வளவாகத் தெரியாது. வண்டியின் பின்பாகம் லேசாக அசையும், லேன் மாறும்போது ஒரு நொடி தாமதமாகத் திரும்புகிற மாதிரி இருக்கும். பவர் ஸ்டியரிங் வந்த பிறகு இந்த வித்தியாசமெல்லாம் கைக்கு மங்கலாகத்தான் வருகிறது. ஏசி போட்டு, பாட்டுப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குச் சத்தமும் கேட்காது. சந்தேகம் வந்தால் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். வேகத்துக்கு ஏற்ப "தப் தப் தப்" என்று வந்தால் அது டயர்தான். புது வண்டிகளில் காற்றழுத்தம் குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். நடுவில் ஆச்சரியக்குறி போட்ட டயர் படம். அது எரிந்தால் "அடுத்த ஊரில் பார்த்துக்கலாம்" என்று தள்ளாதீர்கள். உடனே வேகத்தைக் குறைத்து, நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருப்பதைப் பார்த்தால் அதைப் பிடுங்காதீர்கள். அந்த ஆணிதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்று முழுக்க இறங்கவில்லை என்றால் கொஞ்சம் காற்றடித்து, மெதுவாகப் பக்கத்துக் கடை வரைக்கும் போய்விடலாம். டியூப் டயரில் இந்தச் சலுகை கிடையாது. ஆணி ஏறினால் சட்டென்று இறங்கிவிடும்.

வெடித்த அந்தச் சில நொடிகள்

மணிக்கு 100 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. யோசித்துச் செய்ய நேரமே இருக்காது. அதனால் இப்போதே, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே, மனதில் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். வெடித்த பக்கம் இழுக்கும். இடது முன் டயர் என்றால் ரோட்டோரத்துக்கு, வலது முன் டயர் என்றால் நடுவில் இருக்கும் தடுப்புக்கு, அதாவது மீடியனுக்கு. அந்த இழுப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடித்து, வண்டியை உங்கள் லேனிலேயே வைத்திருங்கள். ஒரு கையால் ஓட்டுகிறவருக்கு, இன்னொரு கையை எடுத்து வைப்பதற்குள் வண்டி பக்கத்து லேனுக்குப் போய்விடும். அதனால்தான் தம்பிகளிடம் ஹைவேயில் எப்போதும் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கணும் என்று நச்சரிக்கிறேன்.

அடுத்தது கால். பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்தும் காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கிளட்சை அழுத்த வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம். வண்டி கியரிலேயே இருந்தால் எஞ்சினே இழுத்து வேகத்தைக் குறைக்கும். காற்றில்லாத டயர் ரோட்டில் உரசுவதே பாதி பிரேக். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டி-யிலேயே விடுங்கள். குரூஸ் கன்ட்ரோல் (ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) போட்டிருந்தால் ஸ்டியரிங்கில் உள்ள பட்டனால் அணையுங்கள்.

பிரேக் ஏன் கூடாது? பிரேக் அடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் வெடித்திருந்தால் ஏற்கெனவே செத்துப்போன டயர் மேல் அந்தப் பாரம் விழும், இழுப்பு இன்னும் அதிகமாகும். பின் டயர் வெடித்திருந்தால் பின்பாகத்துக்கு இருந்த கொஞ்சம் பிடிப்பும் போய், வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும். பின் டயர் வெடித்தால் பயமில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைச் சமாளிப்பதுதான் கஷ்டம், முன்பக்கம் இழுத்தால் ஸ்டியரிங்கால் பிடித்துவிடலாம், பின்பக்கம் ஓடினால் பிடிக்க நம் கையில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது. வேகம் குறையக் குறைய இழுப்பும் குறையும். அப்போது நீங்கள் கொடுத்திருக்கும் எதிர்ப்பிடியையும் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். பதற்றத்தில் அதே இறுக்கத்தோடு பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும்.

ஸ்பீடாமீட்டர் 40-க்குக் கீழே வந்த பிறகு, இடது இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, ஒவ்வொரு லேனாக இடதுபக்கம் வாருங்கள். கடைசியில் மட்டும் லேசாகப் பிரேக்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒரு மே மாதம், உளுந்தூர்பேட்டை தாண்டி, மத்தியான வெயில். மதுரையில் காதுகுத்துக்குப் போகும் குடும்பம். பெரியவர் ஒருவர் என் பக்கத்துச் சீட்டில், பின்னால் பெண்களும் குழந்தைகளும். வலதுபக்கம் ஒரு சிமெண்ட் லாரியைத் தாண்டிவிட்டு இடது லேனுக்கு வந்திருக்கிறேன். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடதுபக்கம் போகப் பார்த்தது. "பிரேக்கைப் போடுங்க தம்பி, பிரேக்கைப் போடுங்க!" என்று பெரியவர் கத்துகிறார். குழந்தைகள் அழுகிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. கை இரண்டும் ஸ்டியரிங்கில், கால் மெல்ல மெல்ல மேலே. கிழிந்த ரப்பர் மட்கார்டில் அடிக்கும் சத்தம் படபடவென்று கேட்டு, அப்புறம் ஒவ்வோர் அடியாகப் பிரிந்து கேட்டது. சத்தம் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தால் வேகம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இண்டிகேட்டர் போட்டு ஓரம் வந்தோம். தாண்டி வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. நடுரோட்டில் பிரேக் அடித்திருந்தால் அது எங்கள் மேல்தான் வந்திருக்கும். "அடிச்சிருந்தா கவிழ்ந்திருக்கும் அய்யா" என்று அப்புறம்தான் பெரியவரிடம் சொன்னேன்.

வண்டியில் யாராவது கத்துவார்கள். அது இயல்பு. பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டிருக்க வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், சவாரி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எங்கே நிறுத்துவது

என்னைக் கேட்டால் முழு விஷயத்திலும் முக்கியமானது இதுதான். டயர் போனது போச்சு. அதை இனிக் காப்பாற்ற முடியாது. ரிம்மும் போகட்டும், சில ஆயிரம் ரூபாயோடு முடியும். மோசமான இடத்தில் நிறுத்தி ரிம்மைக் காப்பாற்றாதீர்கள்.

வளைவில் நிறுத்தாதீர்கள். பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் பாலாற்றுப் பாலத்திலோ, திருச்சிக்கு முன்னால் கொள்ளிடப் பாலத்திலோ டயர் போனால் ஓரம் ஒதுங்க இடமே கிடையாது. நாலு பக்க இண்டிகேட்டர் விளக்கையும் போட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில், பாலம் முடியும் வரை ஓட்டிவிடுங்கள். மேம்பாலத்துக்கும் அதே கதைதான். மேட்டின் மறுபக்க இறக்கத்திலும் வேண்டாம், மேலே ஏறி வரும் வண்டிக்கு நீங்கள் கடைசி நொடி வரை தெரியமாட்டீர்கள். மீடியன் பக்கம் ஒருபோதும் ஒதுங்காதீர்கள்.

பெட்ரோல் பங்க், டீக்கடை, சர்வீஸ் ரோடு, டோல்கேட், இவற்றில் ஏதாவது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் ஊர்ந்தே அங்கே போய்விடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ரோட்டோர வெள்ளைக்கோட்டைத் தாண்டி, எவ்வளவு இடதுபக்கம் முடியுமோ அவ்வளவு ஒதுங்கி நிறுத்துங்கள். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இளகிய மண்ணில் ஜாக்கி புதைந்துவிடும்.

நின்றதும் முதல் வேலை டயரைப் பார்ப்பது இல்லை, ஆட்களை இறக்குவது. எல்லாரும் இடதுபக்கக் கதவு வழியாக. ஓட்டுநரும் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இரும்புத் தடுப்பு இருந்தால் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லுங்கள். வெயிலாக இருக்கிறது, மழையாக இருக்கிறது என்று வண்டிக்குள்ளேயே குழந்தைகளையும் வயதானவர்களையும் உட்கார வைப்பது மகா ஆபத்து. நின்ற வண்டியின் பின்னால் லாரி மோதினால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் முதல் அடி. வண்டிக்குப் பின்னால் நின்று செல்போன் பேசுவதும் கூடாது. நிற்பவர்கள் வண்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி, பின்பக்கமாக, ரோட்டை விட்டு விலகி நிற்க வேண்டும். மோதினால் வண்டி முன்னால்தான் பாயும்.

நாலு விளக்கும் எரியட்டும். வண்டியோடு வந்த சிவப்பு முக்கோணத்தை எடுத்து, குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே தெரிகிற மாதிரி. அதை எடுத்துக்கொண்டு போகும்போது ரோட்டில் நடக்காதீர்கள், மண்ணில் நடங்கள், வருகிற வண்டிகளைப் பார்த்தபடி. கிளையை ஒடித்துப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. முக்கோணம் இல்லாதபோது அது நல்லதுதான், ஆனால் இரவில் கிளை வெளிச்சம் காட்டாது. கல்லை மட்டும் ரோட்டில் வைத்துவிட்டு எடுக்காமல் போகாதீர்கள். அடுத்து வரும் பைக்காரர் உயிரை அது வாங்கும்.

வலதுபக்க டயர் போய், ஓரத்தில் போதுமான இடமும் இல்லையென்றால் நீங்கள் மாற்ற வேண்டாம். குனிந்திருக்கும்போது உங்கள் முதுகு ரோட்டில் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் எங்கே நின்றாலும் 1033-க்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊர் பக்கம் போகிறீர்கள், பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் என்ன எண், கடைசியாகத் தாண்டிய டோல்கேட் எது, இந்த மூன்றையும் சொன்னால் ரோந்து வண்டி தேடாமல் வந்துவிடும். அவர்கள் வந்து பின்னால் நின்று கூம்பு வைத்த பிறகு வேலை பார்ப்பது எவ்வளவோ நிம்மதி. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

டயர் மாற்றுவது

எஞ்சினை அணையுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, முதல் கியரில் போடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பி. தூக்கப்போகும் டயருக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் டயருக்கு முன்னாலும் பின்னாலும் கல் வையுங்கள்.

இன்னோவா மாதிரி வண்டியில் ஸ்டெப்னி, அதாவது மாற்று டயர், பின்பக்கம் அடியில் தொங்கும். பம்பர் பக்கத்துத் துவாரத்தில் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கிவரும். கேஸ் சிலிண்டர் வைத்த கார்களில் ஸ்டெப்னிக்கு மேல் சாமான் ஏற்றியிருப்பார்கள். எல்லாவற்றையும் இறக்கினால்தான் எடுக்க முடியும். உங்கள் வண்டியில் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் பானா (நட்டைக் கழற்றும் ஸ்பேனர்) மூன்றும் எங்கே இருக்கின்றன என்று வீட்டு வாசலில் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். சில புது மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமல் விற்கலாம் என்று 2020-இல் விதியை மாற்றிவிட்டார்கள். டயர் கிழிந்துவிட்டால் அந்தக் கிட் உதவாது என்பதை நினைவில் வையுங்கள்.

வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். நட்டு இறுகிப்போயிருந்தால் பானாவைக் கிடைமட்டமாக வைத்து, காலால் மிதித்துத் தளர்த்தலாம். ஜாக்கியைக் கண்ட இடத்தில் கொடுக்கக் கூடாது. கதவுக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில், தகட்டில் இரண்டு வெட்டு இருக்கும். அதற்கு நடுவில்தான் கொடுக்க வேண்டும். என் இன்னோவா போன்ற, தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் சேசிஸ் வண்டிகளுக்கு இடம் வேறு, வண்டிப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். மண் இளகியிருந்தால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை. நான் டிக்கியில் ஒரு பலகைத் துண்டு எப்போதும் வைத்திருப்பேன்.

தூக்கும்போதே ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஜாக்கி நழுவினால் வண்டி அதன் மேல் உட்காரும், உங்கள் கைமேல் இல்லை. கழற்றிய டயரை அங்கே தள்ளிவிட்டு, அப்புறம் ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். எக்காரணம் கொண்டும் தலையோ தோளோ வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

நட்டெல்லாம் எடுத்த பிறகும் சக்கரம் துருப்பிடித்து வரவில்லை என்றால் மொத்த பலத்தையும் போட்டு இழுக்காதீர்கள். நட்டுகளைக் கையால் கொஞ்சம் மாட்டி, வண்டியை இறக்கி, எஞ்சினைப் போட்டு ஓரடி முன்னும் பின்னும் நகர்த்தினால் விட்டுக்கொடுத்துவிடும்.

ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைக் கழற்றும்போது எந்தப் பக்கம் உள்ளே இருந்ததோ அதே மாதிரி கையால் முறுக்குங்கள். வண்டியை இறக்கிய பிறகு பானாவால் இறுக்குங்கள், வரிசையாக இல்லாமல் ஒன்று விட்டு ஒன்று, எதிரெதிராக. அப்போதுதான் சக்கரம் சாயாமல் உட்காரும். இறுக்கும்போது பானா மேல் ஏறி நிற்காதீர்கள், கைபலம் போதும். முக்கோணத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு, எல்லாரையும் ஏற்றிக் கிளம்புங்கள். ஐம்பது கிலோமீட்டர் போனதும் ஒரு பங்க்கில் நிறுத்தி நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதியுங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்து, அதில் 80 என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் ஓட்டவே கூடாது.

வெடிக்காமல் இருக்க

வெயில் காலத்தில் டயர் சூடாகி வெடிக்கும், அதனால் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்று சொல்லும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது நேர்மாறான யோசனை. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி விரிகிறது. அந்த நசுங்கல்தான் சூட்டைக் கிளப்பி, உள்ளே இருக்கும் இழைகளைப் பிரிக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழுப் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அந்த அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ஓடி வந்த டயரில் நாலைந்து பாயிண்ட் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடாதீர்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். காற்றடிக்கும் பையன் கேட்கமாட்டான், நாம்தான் கேட்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளில் ஆரம்பிக்கும் வரி, நாலு இலக்கத்தில் முடியும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள், தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன டயரை நீண்ட பயணத்துக்கு நம்பாதீர்கள். பட்டன் இடுக்கில் சின்ன மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படியே அந்த டயர் முடிந்தது. பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் தேய்மானத்தையெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே மாற்றுங்கள். பள்ளத்தில் விழுந்து இழை அறுந்த டயர் அது.

புது டயர் இரண்டுதான் வாங்க முடியும் என்றால் பின்னால் போடுங்கள். ஸ்டாண்டில் இதற்கு என்னோடு சண்டை போடாதவர்கள் இல்லை. முன்னால்தானே ஸ்டியரிங், முன்னால்தானே நல்ல டயர் வேண்டும் என்பார்கள். மேலே சொன்ன காரணம்தான்: பின்பக்கம் பிடிப்பு போனால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

பைக் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன் டயர் போனால் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், பின் பிரேக்கை மெதுவாக. பின் டயர் போனால் முன் பிரேக்கை மெதுவாக. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, நேராகவே ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கழற்றிய டயரை அன்றைக்கே பஞ்சர் கடையில் கொடுங்கள். வெளியிலிருந்தே பஞ்சர் பட்டை ஒன்றைச் சொருகிக் கொடுத்துவிடுவார்கள். காற்று இறங்கிய பிறகும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் அது போதாது. "ரிம்மைக் கழட்டி உள்ளே பாருங்க அண்ணே" என்று கேளுங்கள். கையை விட்டுத் தடவினால் கறுப்பாகப் பொடி ஒட்டும், உள்பக்கத்தில் வட்டமாக ஒரு கோடு தேய்ந்திருக்கும். நசுங்கியே ஓடியதில் உள்சுவர் அரைந்துபோன பொடி அது. வெளியே பட்டன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த டயருக்குப் பஞ்சர் போடக் கூடாது. ஓட்டை பக்கவாட்டில் இருந்தாலும் அப்படித்தான். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, வேறு டயர் வாங்கிப் போட்டு, ஸ்டெப்னியை அதன் இடத்தில் மாட்டிய பிறகு அடுத்த சவாரிக்குக் கிளம்புங்கள்.